சப்பரை அடித்த மாப்பிள்ளைக்கு முழுத் தண்டனை கேட்டு

அனுப்புநர்:
ரோசெல்லா டூசெட்,
குதிரைப் பராமரிப்பாளர், மூன்றாம் லாயம்,
கோர்மன் ஓடைப் பந்தயத் திடல்,
பிரின்ஸ் எட்வர்ட் தீவு.

பெறுநர்:
தலைமை நடுவர் அவர்கள்,
கோர்மன் ஓடைப் பந்தயத் திடல்.

பொருள்: சனிக்கிழமை ஆறாம் பந்தயத்தில் சாட்டை விதியை மீறிய வண்டியோட்டி திரு. யூவன் மெக்காஸ்லண்டை எச்சரித்து மட்டும் அனுப்பியது போதாது, ஏழு நாள் இடைநீக்கம் வேண்டும், வெற்றியைத் தொட வேண்டாம் எனக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குற்றம் செய்தவர் நான் மணக்கப்போகிறவர். ஆகவே இந்த மனுவில் எனக்குச் சொந்த லாபம் இருக்கிறது. அதை மறைக்கும் சாமர்த்தியம் எனக்கு இல்லை. மூன்று நாளாக என் முகத்தைப் பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்துபோயிற்று.

1. 'லேட் ஃபார் சப்பர்' என்ற பெண்குதிரையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். லாயத்தில் அவளைச் சப்பர் என்று கூப்பிடுவோம். குணத்தில் தங்கம், ஓட்டத்தில் சோம்பேறி. கடைசி வளைவில் முன்னால் வந்துவிட்டால் போதும், பந்தயம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கூட்டத்தை வேடிக்கை பார்ப்பாள். சனிக்கிழமைக்கு முன்னால் இந்தக் கோடை முழுக்க அவள் ஜெயித்ததே இல்லை என்பது தாங்கள் அறிந்ததே.

2. திரு. மெக்காஸ்லண்ட் என்னிடம் கல்யாணப் பேச்சை எடுத்தது இது முதல் தடவை அல்ல. ஈஸ்டருக்குக் கேட்டார், லாப்ஸ்டர் விருந்தில் கேட்டார். சனிக்கிழமை நான் சப்பருக்குச் சேணம் பூட்டிக்கொண்டிருந்தபோது மறுபடியும் கேட்டார். வயிற்றுப் பட்டையை இழுத்துக் கட்டும் நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? "இவ இன்னைக்கு ஜெயிச்சா கட்டிக்கிறேன், போ" என்று சொல்லிவிட்டேன். கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் கேட்டுவிட்டார்கள். என் பெரியப்பா மகன் லியோ, அவனும் அந்தப் பந்தயத்தில் வண்டி ஓட்டியவன்தான், "அப்போ ரோசி கன்னியாஸ்திரியாத்தான் போகப்போறா" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னான்.

3. கடைசி வளைவு திரும்பியதும், திரு. மெக்காஸ்லண்ட் உட்கார்ந்திருந்த வண்டியை இழுத்துக்கொண்டு சப்பர் முன்னால் வந்தாள். வந்தவள் வழக்கம்போல, உருளைக்கிழங்கு வறுவல் விற்கும் வண்டியைப் பார்க்க ஆரம்பித்தாள். லியோவின் குதிரை நெருங்கிவிட்டது. அப்போதுதான் திரு. மெக்காஸ்லண்ட் இரண்டு கடிவாள வாரையும் இடது கைக்கு மாற்றினார். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினார். மூன்று முறை சாட்டையை வீசினார். கைக்கு ஒரு வார் இருக்க வேண்டும், தோளுக்கு மேல் கை போகக் கூடாது என்று புது வண்டியோட்டிகளுக்குச் சொல்லிக்கொடுப்பவரே இவர்தான்! வேலியோரம் நின்ற நான், "ஓடுடி சப்பர், ஓடு!" என்றும் "யூவன், கையைக் கீழ போடுடா பாவி!" என்றும் மாற்றி மாற்றிக் கத்தினேன். எதை அதிகம் கத்தினேன் என்று பக்கத்தில் நின்றவர்களைத்தான் கேட்க வேண்டும். சப்பர் மூக்கு நுனி வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

4. நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே உடம்பைத் தடவிப் பார்த்தேன். "வண்டிக் கம்பைத்தான் அடிச்சேன் ரோசி, சத்தத்துக்கு" என்றார் அவர். இரண்டு அடி கம்பில் விழுந்தது உண்மை; பெயின்ட் உதிர்ந்திருக்கிறது. மூன்றாவது அடி சப்பரின் வலது தொடைப் புழுதியில் கோடு போட்டிருந்தது. தடிப்பு இல்லை, காயம் இல்லை. ஆனாலும் கோடு கோடுதானே, ஐயா? அதைக் காட்டியதும் அவர் முகம் சுண்டிப்போயிற்று. வெற்றிப் படம் எடுக்கக்கூட நிற்காமல் தங்கள் அறைக்கு ஓடிவந்தார்.

5. பந்தயப் படத்தை ஓட்டிப் பார்த்த தாங்கள், "பதினோரு வருஷத்துல மொதத் தப்பு, போய்ட்டு வாப்பா" என்று முதுகில் தட்டி அனுப்பினீர்களாம். "ஐயா, என்னை சஸ்பெண்ட் பண்ணுங்க" என்று அவர் கெஞ்சியபோது சிரித்தீர்களாம். கல்யாண மாப்பிள்ளைக்குச் சலுகை என்று நினைத்திருப்பீர்கள். தங்கள் நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் எனக்கு அது உறுத்துகிறது. தினமும் காலையில் சப்பருக்குத் தீனி வைக்கப் போகிறவள் நான். அவளை அடித்தவர் தண்டனை இல்லாமல் தப்பினார் என்ற நினைப்போடு அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? பாதிரியார் முன்னால் அவர் பக்கத்தில் எப்படி நிற்பேன்?

6. அடுத்தது நம் வழக்கம். வண்டியோட்டிகள் வீட்டில் கல்யாணம், ஞானஸ்நானம், பல் பிடுங்குவது எல்லாமே இடைநீக்க நாட்களில்தான் நடக்கும். கோடையில் வேறு ஓய்வு ஏது? என் அப்பா பக்கத்து வண்டியின் வழியை மறித்ததற்காக உட்காரவைக்கப்பட்ட வாரத்தில்தான் என் அம்மாவை மணந்தார். திரு. மெக்காஸ்லண்டோ இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட இடைநீக்கம் பெறாதவர். அவ்வளவு ஒழுங்கு. இனியும் தப்புச் செய்யமாட்டார். கைக்குக் கிடைத்த ஒரே குற்றத்தையும் தாங்கள் மன்னித்துவிட்டால் நாங்கள் எந்தக் காலத்தில் கல்யாணம் செய்துகொள்வது? பனி விழுந்து திடல் மூடும்வரை பொறுக்கலாமே என்பீர்கள். பொறுக்கலாம்தான். எனக்குப் பொறுமை இல்லை. சாணி அள்ளும்போதுகூடப் பாடுகிறேன். லாயத்தில் எல்லாரும் காதைப் பொத்திக்கொள்கிறார்கள்.

7. கல்யாண விருந்துக்கான தீயணைப்பு நிலையக் கூடம் செப்டம்பர் 2, சனிக்கிழமை ஒரு நாள்தான் காலியாக இருக்கிறது. ஆகவே செப்டம்பர் 1 முதல் ஏழு நாள் இடைநீக்கம் விதிக்குமாறு பணிவுடன் கேட்கிறேன். சப்பரின் முதலிடத்தை மட்டும் மாற்றிவிடாதீர்கள். வண்டியோட்டியின் தப்புக்கு வண்டியோட்டிதான் பொறுப்பு என்று விதியே சொல்கிறது. இரண்டாவதாக வந்த லியோவுக்கும் ஆட்சேபம் இல்லை. "கல்யாணச் சாப்பாட்டைக் கெடுத்துடாதீங்கன்னு எழுது" என்கிறான். முதலிடம் பறிபோனாலும் நான் அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்பது வேறு விஷயம். அதை அவர் காதில் போட்டுவிட வேண்டாம்.

8. தாங்கள் மறுத்தால் இந்தச் சனிக்கிழமை மறுபடியும் விதியை மீறி இடைநீக்கம் வாங்கிவருவதாக நேற்று அவர் சொன்னார். வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. எந்தக் குதிரை மேலும் சாட்டை பட்டு என் கல்யாணம் நடக்க வேண்டாம். கூடம் போனாலும் போகட்டும். அந்த ஒரு கோட்டுக்கு ஒரு வாரம் உட்காரவையுங்கள், கணக்குத் தீரட்டும், பிறகு சப்பர் முன்னால் நாங்கள் இருவரும் தலைநிமிர்ந்து நிற்போம். விருந்துக்குத் தாங்களும் வர வேண்டும். தண்டித்தவர் வராமல் என்ன கல்யாணம்?

இடம்: கோர்மன் ஓடை
நாள்: 22.08.2023

தங்கள் தண்டனைக்காக ஆவலுடன் காத்திருக்கும்,
ரோசெல்லா டூசெட்

இணைப்பு: சாட்டை, ஒன்று. கல்யாணத்துக்குப் பிறகும் திருப்பித் தர வேண்டாம்.

மேற்படி மனுவைப் படித்தேன். எல்லாம் உண்மை. ஏழாவது பத்தியின் கடைசி இரண்டு வரிகளையும் படித்துவிட்டேன். சாட்டையை நானும் திருப்பிக் கேட்கமாட்டேன்.
யூவன் மெக்காஸ்லண்ட்