நகக்கண்ணில் நீலம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? நான் நன்றாகச் சாப்பிடுவதாக அம்மாவிடம் சொல்லுங்கள். பாதி நிஜம்தான்.

போன வாரம் கல்லூரியில் ஆற்றைக் காப்பாற்றக் கூட்டம் போட்டோம். நான்தான் பேசினேன். சாயக்கழிவு பற்றிப் புள்ளிவிவரம் சொன்னபோது எல்லோரும் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் உங்களைச் சொல்லிவிட்டேன். இருபது வருஷமாகச் சாயப்பட்டறையில் நிற்கிறார், எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் நீலம் போகாது, இருமல் விடாது என்றேன். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பட்டறைகளை மூடச் சொல்லும் மனுவில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். "மூடிட்டா உங்கப்பா எங்க போவாரு?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. முதல் கையெழுத்து என்னுடையது.

மேடையை விட்டு இறங்கியதும் எங்கள் குழுத் தலைவி ஓடி வந்தாள்.

"செமயா பேசின! அடுத்த கூட்டத்துக்கு பேனர் அடிக்கணும். உங்கப்பா கையை மட்டும் ஒரு போட்டோ வாங்கிக் குடு. முகம் வேணாம்."

பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் வந்த அன்று, யாரும் பார்த்துவிடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னவன் நான். நீங்களும் கட்டிக்கொண்டு நின்றீர்கள்.

இங்கே குளிர் அதிகம். அம்மாவின் பழைய போர்வை ஒன்றை அனுப்புங்கள். புதிதாக எதுவும் வாங்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டு நான் கடைக்குப் போக முடியாது.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. போர்வையோடு உங்கள் போட்டோ ஒன்றும் வையுங்கள். பேனருக்கு இல்லை, எனக்கு. முகம் தெரிய வேண்டும்.

உங்கள் மகன்