தம்பி அனுப்பிய வெள்ளைப் பக்கம்

பிப்ரவரி 9, திங்கள்

ஜன்னலுக்கு வெளியே பனி. எதிர்க் கட்டடம் பாதிதான் இருக்கிறது. என் திரையில் மட்டும் தெளிந்த நீலக் கடல். சரக்குக் கப்பல்கள் புள்ளிகளாக ஊர்கின்றன. கப்பலுக்கு ஒரு பக்கம் வீதம் நான்தான் செய்தேன். வீட்டிலிருப்பவர்கள் தங்கள் ஆள் எங்கே மிதக்கிறான் என்று பார்க்கலாம். தம்பியின் புள்ளியைப் பார்த்தபடியே டீயை ஆறவிட்டேன்.

பிப்ரவரி 11

அம்மா போன் செய்தாள். தம்பி சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறியதிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை. இப்போது அவனே அப்பாவுக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறான். ஒரு சொல் இல்லை, கப்பல் பக்கத்தின் இணைப்பு மட்டும். அப்பா தொட்டிருக்கிறார். வெறும் வெள்ளை.

"பேச ஒண்ணுமில்லேன்னு சொல்லாம சொல்றான்னு உட்கார்ந்திருக்கார்டி."

என் பக்கமா? எனக்குத் திறக்கிறதே—

பிப்ரவரி 12

இணைப்பைத் தொட்டு நேராகப் போனேன். வெள்ளைதான். இத்தனை நாளும் முகப்பு வழியாகவே போய்ப் பார்த்திருக்கிறேன், மடச்சி.

கப்பல் பக்கத்தின் கன்ட்ரோலர், அதாவது அதை இயக்கும் நிரல், கப்பல் நிற்குமிடத்தை வரைபடக் கன்ட்ரோலரிடம் கேட்கிறது. முகப்பு வழியாக வந்தால் வரைபடம் முன்பே நினைவகத்தில் ஏறியிருக்கும். நேராக வந்தால் அங்கே யாருமில்லை.

பக்கத்து மேசைக் 'கொட்டாவி' எட்டிப் பார்த்தான். "கேக்குறது சரி. அது வேணும்னு எங்கயாவது சொல்லி வச்சியா?"

சொல்லவில்லை. கன்ட்ரோலரின் தேவைப் பட்டியலில் வரைபடத்தின் பெயரைச் சேர்த்தேன். இனி அது முதலில் ஏறும். பிறகுதான் பக்கம் திறக்கும். ஒரே வரி.

"அடுத்த மாசம் மத்த திருத்தத்தோட சேத்து வெளியே விடலாம்" என்றார் டீம் லீடர்.

"எங்கப்பா அதுவரைக்கும் தாங்கமாட்டார் சார்."

என் முகத்தைப் பார்த்தார். சாயங்காலமே விட்டார்கள்.

பிப்ரவரி 13

அப்பாவிடம் சொன்னேன். "அவன் வெறுமையா அனுப்பலப்பா. பக்கம் உடைஞ்சிருந்தது. நான் செஞ்ச பக்கம்."

"ம்" என்றார். அவ்வளவுதான்.

பிப்ரவரி 15, ஞாயிறு

வீட்டுக்குப் போனேன். அப்பா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, போனை முகத்தருகே பிடித்திருந்தார். நீல வெளிச்சம் தாடி வரை.

"நகரவே மாட்டேங்குதே" என்றார், யாரிடமோ போல.

"துறைமுகத்துல இடம் கிடைக்கலையா இருக்கும்பா. நங்கூரம் போட்டிருப்பாங்க."

எழுந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அது சரியாக மூடிக்கொள்ளவில்லை. அம்மா சத்தமில்லாமல் குழாயை மூடினாள்.

"என்னடா, காலையிலேருந்து அங்கேயே நிக்கிற?"