நாற்பதாவது வரி

வழிகாட்டியாகிவிட்ட தோழிக்கு,

போன வருடம் திண்டுக்கல் ஹாஸ்டலில், "செத்த நேரம் லேப்டாப்பக் குடுடி, பாத்துட்டுத் தாரேன்" என்றாய். நம் இருவருக்கும் நான் பிரியாணி வாங்கி வருவதற்குள், அதில் நான் எழுதிவைத்திருந்த கம்ப்யூட்டர் நிரலை உன் பெயரில், பொதுவில் மென்பொருள் எழுதும் ஓப்பன் சோர்ஸ் குழுவுக்கு அனுப்பிவிட்டாய். சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் உனக்குக் கிடைத்தது.

பிரியாணியையும் சாப்பிட்டாய்.

இந்த வருடம் அதே இன்டர்ன்ஷிப்புக்குக் குழு என்னைத் தேர்ந்தெடுத்து உன்னிடமே ஒப்படைத்திருக்கிறது. "எந்தச் சந்தேகமானாலும் எல்லோரும் பார்க்கும்படி பொதுவில் கேளுங்கள்" என்று வரவேற்பு மடலில் எழுதியிருக்கிறாய். ரொம்ப நன்றி.

அந்த நிரலின் நாற்பதாவது வரி பார்ப்பதற்குத் தேவையில்லாதது போலிருக்கும். அது எதற்கு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். திங்கட்கிழமை என் முதல் சந்தேகம் அதுதான்.

பதில் தெரியாவிட்டால் என்னைக் கேள். எல்லோரும் பார்க்கும்படி கேள்.

இப்படிக்கு,
உன் மாணவி