நமக்கே திறக்காத பூட்டு

இன்று காலை நம் ராஜபாளையம் கடைக்கு ஒரு பெட்டி வந்தது. தோப்பு மோட்டாரை செல்போனிலிருந்தே ஓடவிடும் நம்முடைய பெட்டிதான் என்று நினைத்தேன். மூடியைத் திறந்தால், வேறு எவனோ செய்த நகல். அதே பச்சை சர்க்யூட் பலகை, அதே இடத்தில் சில்லு. வயிறு எரிந்தது. மறு நிமிடம் சிரித்தே விட்டேன், ஏனென்றால் பெட்டி ஓடவில்லை!

முதல் முறை நகலெடுத்தார்களே, அது ஜோராக ஓடியது. சில்லுக்குள் இருந்த நம் புரோகிராமை அப்படியே உருவி, தங்கள் பெயரை ஒட்டி விற்றார்கள். நமக்கு ஆர்டர் நின்றுபோனது. "கடைய மூடிட்டு வேற வேலையப் பாருங்க" என்றார் என் அண்ணன். நீதான் மசியவில்லை. சிகிச்சைக்கு மதுரை போய்வந்த களைப்பிலும் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "பவர் போட்டதும் மொதல்ல எந்திரிக்கிற புரோகிராமுல இருந்தே பூட்டணும்ட்டி. சாவி சில்லுக்குள்ளேயே பொறக்கணும், ஒவ்வொண்ணுக்கும் வேற வேற. எனக்கும் தெரியக் கூடாது, உனக்கும் தெரியக் கூடாது" என்றாய்.

முதல் பலகையைப் பூட்டிய வெள்ளிக்கிழமையை மறக்க முடியுமா? ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் உன் வீட்டு முன்னறைதான் அப்போது நம் பட்டறை. சில்லு, புரோகிராம் முழுவதையும் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி எழுதிக்கொண்டிருந்தது. பாதியில் மின்சாரம் போகக் கூடாது. நாம் காபி குடிக்க அடுக்களைக்குப் போன நேரம் பார்த்து, உன் அம்மா சாம்பிராணியோடு வந்தார்கள். புகை போடுமுன் வழக்கம்போல எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டார்கள். பலகை செத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாவோ, "கரண்டுக்குப் பக்கத்துல நெருப்பக் கொண்டாரலாமா?" என்று நம்மையே திட்டினார்கள். நீ அந்தப் பலகையை என்னென்னவோ செய்து எழுப்பிப் பார்த்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தாய். "ஏட்டி, நமக்கே தெறக்கலைல்ல? வேற எவன் தெறந்துருவான்!"

அடுத்த பலகை ஒழுங்காகப் பூட்டிக்கொண்டு ஓடியது. அப்படிப் பூட்டிய பெட்டிகள் தோப்புகளுக்குப் போவதற்குள் நீ போய்விட்டாய். பூட்டு தாங்குமா என்று தெரியாமலேயே போனாய். அதுதான் என்னை இத்தனை நாள் அறுத்தது.

இன்று பெட்டியைக் கொண்டுவந்தவர் தேவதானத்து மாந்தோப்புக்காரர். "வெல கம்மின்னு வாங்கிட்டேன் தாயி. லைட்டு எரியுது, மோட்டார் ஓட மாட்டேங்கு" என்றார். விற்றவனுக்கு அவரே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவன் கொஞ்சமும் கூசாமல், "அவிய புதுப் பெட்டியில இருந்து அப்படியே காப்பி எடுத்தோம் அண்ணாச்சி. எல்லாம் குப்பையா வருது. அவியளையே கொஞ்சம் சரி பண்ணித் தரச் சொல்லுங்க" என்றான்!

"களவாண்ட வீட்டுலயே ரிப்பேரு பாக்கச் சொல்லுதியாலே?" என்று கத்தினார் அவர். நான் எழுந்து நின்று கைதட்டினேன். ஜெயித்துவிட்டோமடி!

அவர் தோப்புக்கும் பக்கத்துத் தோப்புகளுக்கும் இனி நம் பெட்டிதான். கடையை மூடும் பேச்சு ஓய்ந்தது. உன் பிடிவாதம் முழுசாக என்னிடம் வந்துவிட்டது; அண்ணனே கொஞ்சம் பயப்படுகிறார்.

கிளம்பும்போது தோப்புக்காரர் கேட்டார்: "யாரு தாயி போட்ட பூட்டு இது?"

"என் பார்ட்னரு" என்றேன். 'இருந்தாள்' என்று சொல்ல மனம் வரவில்லை.

"கெட்டிக்காரப் புள்ள. நான் சொன்னேன்னு சொல்லிரு."

சொல்லிவிட்டேன்.