நெட்டிக்காரரும் என் கத்தரிக்கோலும்

அன்பு மகன் தம்பிக்கு அம்மா எழுதுவது.

நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். இங்கே உன் அப்பா நலம், வீடு நலம், சமையலறைக் குழாய் மட்டும் ஒழுகுகிறது. நான் முக்கால்வாசி நலம். எப்போதும் போல முழு நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அது ஏன் முக்காலாயிற்று என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே, அதற்கும் காரணம் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை ஐந்து நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். இந்த மாசத்தோட தையல்கடை வேலையை விட்டுடும்மா, இல்லேன்னா நானே லீவு போட்டுட்டு வந்து நிறுத்திடுவேன் என்றாயே, பெற்றவளை மிரட்டுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாய், சந்தோஷம். ஆனால் நான் விடமாட்டேன். இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் வெட்டுகிற கை இது, அளவுநாடா இல்லாமலே காலருக்கு எவ்வளவு துணி என்று அதற்குத் தெரியும். எனக்கு மூட்டுவாதம் என்று கேள்விப்பட்டதும் முதலாளி, அக்கா நீங்க பேசாம உக்காந்து பட்டன் சரிபாருங்க, வெட்டுற வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துடுறேன் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார், நான்தான் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிறவரை பாருங்கள், அதற்குள் நான் தேறாவிட்டால் நானே பட்டன் டப்பாவை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவைத்தேன்.

நீ தேடிப் பிடித்துச் சொன்ன கைரோபிராக்டரிடம் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். முதுகையும் மூட்டையும் கையாலேயே அழுத்தி, நீவி இளக்கிவிடுகிறார். எக்ஸ்ரேயும் மூட்டு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டும் பார்க்காமல் விரலைக்கூட மேலே வைக்கவில்லை, கெட்டிக்காரர். முதல் நாள் என் முதுகில் டக்கென்று நெட்டி முறிகிற சத்தம் வந்ததும் உன் அப்பா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார், அன்றிலிருந்து கைரோபிராக்டருக்கு நெட்டிக்காரர் என்று பெயர் வைத்தாயிற்று. இதில் நான் செய்த கூத்தைக் கேள். ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன்னால் ஒரு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் போனேன். விருந்தாளி வருவதற்கு முன்னால் வீட்டைப் பெருக்கிவைப்பதில்லையா, அந்தப் புத்தி, ஒரு மனிதர் முன்னால் முனகிக்கொண்டு போய் நிற்க மனசு வரவில்லை. எங்கம்மா வலிக்குது என்று அவர் கேட்பார், இப்ப பரவாயில்லைங்க என்று நான் சிரிப்பேன். மூன்றாவது முறை போன அன்றைக்குக் காலையிலிருந்தே மணிக்கட்டு கொதித்தது, அதையும் ஐஸ் தண்ணீரில் முக்கித் துடைத்துக்கொண்டு போய் நீட்டினேன். அவர் பாவம், நல்ல கை என்று நம்பி வளைத்துவிட்டார். மறுநாள் என்னால் டம்ளரைத் தூக்க முடியவில்லை. உன்னிடம் ஞாயிற்றுக்கிழமை சூப்பரா இருக்கேன் என்று சொன்னது அந்த வாரம்தான்.

அடுத்த முறை உன் அப்பா பொறுக்கமாட்டாமல், இவ மாத்திரையைப் போட்டுட்டுத்தாங்க வர்றா என்று போட்டு உடைத்துவிட்டார். நெட்டிக்காரர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நீங்க வலியை மறைச்சா என் கைக்குக் கண்ணு தெரியாதும்மா, வீங்கின மூட்டை நான் தொடவே கூடாது, தெரியாம தொட்டுட்டேனே என்று அவர் வருத்தப்பட்டார், எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்புறம் உட்காரவைத்துச் சொன்னார், வாதத்தை என்னால விரட்ட முடியாது, அதுக்கு டாக்டர் சொன்ன மாத்திரையை டாக்டர் சொன்ன நேரத்துல போடுங்க, சுத்தி இருக்கிற தசை இறுகாம பாத்துக்குறதுதான் என் வேலை, வீங்குற அன்னைக்கு வந்தா கையைக் கட்டிக்கிட்டு உங்ககூடப் பேசிட்டு மட்டும் அனுப்புவேன் என்றார். எப்போது வலி ஏறுகிறது என்று ஒரு நோட்டில் தினமும் எழுதச் சொன்னார்.

ஆறு வாரம் எழுதினேன். துணி ரோலைத் தூக்கிய மறுநாளெல்லாம் மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. நோட்டைக் கொண்டுபோய் முதலாளி முன்னால் விரித்து, ரோலை நீங்க தூக்கி வைங்க, வெட்டுறது நான், வீங்குற அன்னைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது மூச்சு வாங்க அவர்தான் தூக்குகிறார். நாலு மடிப்பாக வெட்டுவதை விட்டுவிட்டு இரண்டு மடிப்பாக வெட்டுகிறேன். நேரம் ஆகிறது, ஆகட்டும். இன்னொன்றும் நோட்டில் இருந்தது. திங்கட்கிழமை தவறாமல் கழுத்துவலி. ஞாயித்துக்கிழமை அப்படி என்னதாம்மா பண்றீங்க என்று நெட்டிக்காரர் கேட்டார். ஒன்றுமில்லை, பையன் பேசுவான் என்றேன். எப்படிப் பிடிச்சுக்கிட்டுப் பேசுவீங்க, காட்டுங்க என்றார். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் உன் அப்பா சட்டையை இஸ்திரி போடுவதைக் காட்டினேன். எவ்வளவு நேரம் என்றார். ஒன்றரை மணி நேரம் என்றதும் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஆக, என் திங்கட்கிழமைக் கழுத்துவலி நீதானடா! ஸ்பீக்கரில் போட்டால் உன் அப்பா இடையில் புகுந்து உன்னைப் பிடுங்கிக்கொள்வார் என்றுதான் இத்தனை நாள் போடவில்லை. இந்த வாரம் கழுத்துக்கு ஓய்வு, அதனால்தான் கடிதம், அதையும் தினம் கொஞ்சமாக நாலு நாள் எழுதினேன்.

நேற்று நாற்பது சட்டை வெட்டினேன், வீக்கம் இல்லை. முதலாளி என் மேஜை ஓரத்தில் வைத்திருந்த பட்டன் டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். எனக்கு அது போதும். நாளைக்கே திரும்ப வீங்கலாம், வீங்கினால் இரண்டு நாள் உட்காருவேன், மூன்றாம் நாள் போவேன். எனக்காக லீவு போடாதே. என்னைப் பார்க்க ஆசையாக இருந்தால் மட்டும் வா.

நூறு வருஷம் நன்றாயிரு ராஜா. எண்ணெய் தேய்த்துக் குளி, குளிரில் காதை மூடிக்கொள். வருகிற ஞாயிற்றுக்கிழமை போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைப்பேன், உன் அப்பா குறுக்கே பேசுவார், பொறுத்துக்கொள். எங்கே வலிக்கிறது என்று கேள், மறைக்காமல் சொல்கிறேன். போன மாதம் நாலு ஞாயிறும் நீ நல்லாத்தாம்மா இருக்கேன் என்று சொன்ன குரல் எனக்குத் தெரியும், ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்த குரல் அது. நானும் கேட்பேன். நீயும் மாத்திரை போட்டுக்கொள்ளாமல் போனுக்கு வா.

இப்படிக்கு,
முக்கால்வாசி நலமுள்ள உன் அம்மா