எடை சர்வர் நின்ற இரண்டு நாள்

வியாழன், இரவு.

சர்வரைக் கண்காணிக்க வைத்த மென்பொருளே சர்வரை நிறுத்திவிட்டால் அதை யார் கண்காணிப்பது?

நான் பராமரிக்கும் விவசாயிகள் சங்கத்தின் மூன்று மெய்நிகர் சர்வர்களில், எடை பதியும் சர்வர் நேற்றுக் காலையே நின்றிருக்கிறது. எனக்குத் தெரிந்தது இன்று மதியம். அதற்குள் வெள்ளிமலை கொள்முதல் நிலையத்தில், ரசீது போட முடியாமல் பதினொரு பேரைச் சாமை மூட்டையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன் சொல்லவில்லை என்று அங்கே எடை போடும் செல்வியைக் கேட்டேன்.

"டவர் இல்லன்னு நெனச்சிக்கினு இருந்தோங்க மேடம். இங்க அது தெனமும் நடக்கறதுதானே."

அவள் மேல் கோபமில்லை. சங்கச் செயலாளர் மேல்தான். கண்காணிப்பு மென்பொருள் சிறியது போதும் என்று அன்றே சொன்னேன். "ஃப்ரீயாதானே கெடைக்குது மேடம், பெருசாவே போட்டுடுங்க" என்றார். அந்தப் பெரிய மென்பொருள் அதே சர்வரின் நினைவகத்தைத் தின்று தீர்த்து, அதோடு தானும் நின்றது. எனக்கு எச்சரிக்கை எப்படி வரும்? தெரிந்தும் தலையாட்டினேனே!

வெள்ளி.

யாரையும் கேட்காமல் அந்தப் பெரிய மென்பொருளை நீக்கி, எடை சர்வரை மறுபடி ஓடவிட்டேன். சிறிய திறந்தமூல மென்பொருள் ஒன்றை வேறு சர்வரில் வைத்தேன். சோதித்துப் பார்த்தேன், எச்சரிக்கை உடனே கைபேசிக்கு வருகிறது. திரும்பிப் போனவர்களில் நான்கு பேர்தான் மறுபடி வந்தார்களாம். மற்ற ஏழு பேர் வழியிலேயே வியாபாரியிடம் போட்டுவிட்டார்கள். அந்த ஏழு பெயரையும் எழுதிச் செயலாளரிடம் நீட்டினேன்.

படித்துவிட்டு, "சரிங்க மேடம், சின்னதே போட்டுக்கலாம்" என்றார்.

ஏற்கெனவே போட்டுவிட்டதை நான் சொல்லவில்லை.