மெர்கோங் வீட்டில் கை நனைக்காதவள்

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று மாட்டிவிட்டார்கள். மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று. பல்லை நேராக்கும் பிளாஸ்டிக் உறை, அலைனர் என்று பெயர். போட்டிருப்பதே தெரியாதாம், அதுதான் இதன் பெருமையாம். எனக்குத் தெரிகிறதே, அதற்கு என்ன செய்வது?

சுங்கைப்பட்டாணி கிளினிக்கில் அந்த டாக்டர் பெண்ணுக்கு என் ரூபினி வயதுதான் இருக்கும். "வலிக்காது ஆன்ட்டி, கொஞ்சம் அழுத்தும்" என்றாள். சுங்கை லாலாங்கில் வீட்டு வாசலில் காடியை நிறுத்துவதற்குள் அந்தக் கொஞ்சம் காதுவரைக்கும் ஏறிவிட்டது. ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மணி நேரம் வாயிலேயே கிடக்க வேண்டும். சாப்பிடவும் பல் துலக்கவும் மட்டும் கழற்றலாம். போட்டுக்கொண்டு குடிப்பதென்றால் பச்சைத் தண்ணீர் மட்டும். வாரம் ஒரு செட், மொத்தம் முப்பது செட்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. கையுறை ஃபேக்டரியில் முப்பது பெண்களுக்கு சூப்பர்வைசர். மகளுக்கு டிசம்பரில் கல்யாணம் நடந்தாலும் நடக்கும். இந்த வயதில் தெத்துப்பல்லை நேராக்கப் போகிறேன் என்று வெளியே சொன்னால்? 'பேரப்பிள்ளை எடுக்குற வயசுல இவளுக்குப் பல்லு கேக்குது பாரு.' இப்படி மற்றவர்களைப் பற்றி நானே சொல்லியிருக்கிறேன், அதனால்தான் பயம். வீட்டுக்காரர் சிவநேசனுக்கு மட்டும் தெரியும். கோலாலம்பூரில் வேலை செய்கிற ரூபினிக்குக்கூடச் சொல்லவில்லை.

இவர் என் வாயை உற்றுப் பார்த்துவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்றார். போட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

ஏப்ரல் 12, சனி

காலையில் கஞ்சி. மத்தியானம் கஞ்சி. இரவுக்கு என்ன என்று இவர் கேட்டார். நான் பார்த்த பார்வையில் தானே போய் மீ கோரெங் வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 17, வியாழன்

ஓரம் நாக்கை அறுக்கிறது. டாக்டர் பெண்ணுக்கு வாட்ஸ்அப் போட்டேன். நகம் தேய்க்கும் அரத்தால் லேசாகத் தேய்க்கலாமாம். ஐஸ் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டால் வலி மரத்துப்போகுமாம். சின்ன ரப்பர் உருளை ஒன்று கொடுத்திருக்கிறார்கள், பல்லுக்கு நடுவே வைத்துக் கடித்தால் அலைனர் ஒழுங்காக உட்காருமாம். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை ரப்பர் மரத்தில் பால் வெட்டியது. கடிக்கிற முதல் ஆள் நான்தான்.

ஃபேக்டரியில் எல்லாரும் முகமூடி போடுவதால் பிழைத்தேன். ஆனால் பேச முடியவில்லை. நான் ஒரு வாரமாகக் கத்தவில்லை என்பதால் பெண்கள் நடுங்குகிறார்கள். உற்பத்தி கூடியிருக்கிறது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, என்ன முறையைக் கையாண்டீர்கள் என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

ஏப்ரல் 26, சனி

இன்று முதல் தடவையாக மெர்கோங் போனோம், ரூபினி விரும்புகிற பையன் பிரெடியின் வீட்டுக்கு. அப்பா இல்லை. அம்மா ஜேன், பாலர் பள்ளி ஆசிரியை. கத்தோலிக்கக் குடும்பம். பையன் நல்லவன். எனக்கும் இவருக்கும் மனசில் ஒரு குறையும் இல்லை. அதை முதலில் எழுதி வைத்துவிடுகிறேன்.

புத்தியில்லாமல் நேற்று ராத்திரிதான் மூன்றாம் செட்டை மாட்டினேன். காலையில் எழுந்தால் தாடையே என்னுடையதாக இல்லை. ஜேன் தேநீர், வடை, வெண்ணெய் கேக் எல்லாம் கொண்டுவந்து வைத்தார். எல்லார் முன்னாலும் எச்சில் நூல் தொங்க இதைக் கழற்றுவதா? பாத்ரூமுக்குப் போய்க் கழற்றலாம் என்றால் புது செட் லேசில் வராது, வீட்டிலேயே பத்து நிமிடம் நகத்தோடு மல்லுக்கட்டுகிறேன். "வேணாங்க, இப்பத்தான் பசியாறினேன்" என்றேன். தேநீராவது குடியுங்கள் அக்கா என்றார். அதுவும் வேண்டாம் என்றேன். வலி தாங்காமல் பையிலிருந்து என் ஐஸ் தண்ணீர் போத்தலை எடுத்துக் குடித்தேன்.

இவர் என் பங்கையும் சேர்த்து மூன்று துண்டு கேக் சாப்பிட்டார். ஒருத்தருக்கும் எதுவும் தெரியவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மே 4, ஞாயிறு

சாயந்திரம் செர்டாங்கிலிருந்து இவருடைய அண்ணன் மணியம் போன் செய்தார். என்னிடம்தான் பேச வேண்டுமாம். இருபத்தெட்டு வருடத்தில் இந்த மனிதர் என்னிடம் பேசியதெல்லாம் 'தம்பி இல்லையா?' என்ற ஒரு கேள்விதான்.

"வேதக்காரங்க வீட்டுல கை நனைக்காம வந்தியாமே. தண்ணியக்கூட சொந்தமா கொண்டு போனியாம். நம்ம குடும்பத்துல உனக்குத்தான் முதுகெலும்பு இருக்கு" என்றார்.

தூக்கிவாரிப்போட்டது. இவர் அண்ணனிடம் கேக்கைப் புகழ்ந்திருக்கிறார், பேச்சோடு பேச்சாக நான் தொடவில்லை என்பதையும் சொல்லியிருக்கிறார். அது போதும் அவருக்கு. பெண் வீட்டார் கை நனைக்கவில்லை என்றால் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று அர்த்தம், இது தெரியாதவளா நான்? தெரிந்துதானே எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும் நியாயம் பேசினேன்?

'இல்ல மாமா, பல்லுல வலி' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன்? எழுதவே கூச்சமாக இருக்கிறது. முதல் தடவையாக அவர் என்னைப் பாராட்டினார். கேட்க நன்றாக இருந்தது.

மே 17, சனி

மறுபடியும் மெர்கோங். தேதி பேசப் போனோம். இந்தத் தடவை எச்சரிக்கையாக செட்டை மாற்றாமல்தான் போனேன். ஆனால் பழைய செட்டில் உடைந்த ஓரம் நாக்கைக் கிழித்து, காலையிலிருந்து உப்புத் தண்ணீர்தான் ஆகாரம்.

ஜேன் சோறே சமைத்து வைத்திருந்தார். தலைவாழை இலை போடாத குறை. நான் உட்கார மாட்டேன் என்றதும் அந்த முகம் வாடியதைப் பார்த்தேன். என்னை சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்த் தணிந்த குரலில், "நாங்க வீட்டுல மாடு சமைக்கறதில்லக்கா. உங்களுக்கு அந்த யோசனையா இருந்தா..." என்றார்.

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க, வயிறு சரியில்ல" என்றேன் நான். அதே நேரம் கூடத்திலிருந்து இவர் குரல் கேட்டது. "அவளுக்கு இன்னிக்கு விரதம்லா, நீங்க எடுத்து வைங்க." பிரெடிதான் பாவம், எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

தேதி பேசவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்றார் ஜேன். காடியில் வரும்போது இவரைத் திட்டினேன். அலைனரோடு திட்டினால் பாதி எழுத்து காற்றாகப் போகிறது. இவர் சிரித்தார்.

மே 19, திங்கள்

ரூபினி போன் செய்தாள். அழுதாள்.

"அம்மா, உங்களுக்குப் புடிக்கலன்னா எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல. பிரெடி அம்மா கேக்குறாங்க, நாங்க என்ன உங்கம்மா கண்ணுக்குக் கொறஞ்ச சாதியாத் தெரியறமான்னு. அவங்க வீட்டுத் தண்ணியக்கூடக் குடிக்கலயாமே நீங்க. நான் அவங்களுக்கு என்னம்மா பதில் சொல்ல?"

நான் என்ன சொன்னேன்? அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அவ்வளவுதான் என் வீரம்.

சாதியா? நானா? ஐயோ கடவுளே, ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக நான் என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்! ஒரே வார்த்தை. பல்லு. அத சொல்ல வாய் வரல. சாதி பாக்குறவன்னு பேரு வந்தாப் பரவால்ல, பல்லு நேராக்குறவன்னு பேரு வரக்கூடாதா? இதுதான் உன் நியாயமாடி குணவதி? உனக்குப் பல்லு கோணலா, புத்தி கோணலா?

மே 21, புதன்

செர்டாங்கிலிருந்து மறுபடியும் போன். தேதி நின்றுபோனது மணியம் மாமாவுக்குத் தீபாவளியாகியிருக்கிறது. கூலிமில் 'நம்ம ஆளுங்க' பையன் ஒருத்தன் இருக்கிறானாம், பெண்ணின் படத்தை அனுப்பச் சொன்னார். நான் காட்டிய உறுதியைத்தான் சொந்தக்காரர்களிடமெல்லாம் உதாரணமாகச் சொல்கிறாராம்.

வெள்ளிக்கிழமை நான் மட்டும் மெர்கோங் போகிறேன். இவர் வரவேண்டாம். வந்தால் விரதம் என்று சொல்லுவார்.

மே 23, வெள்ளி

சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். மத்தியானம் ஒரு மணி. ஜேன் கேட்டைத் திறந்தார். வாங்க என்றார், முகத்தில் ஒன்றும் இல்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் வரவில்லை.

"பசிக்குதுங்க. சோறு இருக்கா?" என்றேன்.

அவர் உள்ளே போனார். ஏதோ காகிதம் கிழிபடுகிற சத்தம். ஒரு தட்டும் தம்ளரும் கொண்டுவந்து வைத்தார். பளபளவென்று புதுசு. தட்டின் அடியில் கடையின் ஸ்டிக்கர் பாதி கிழிந்து ஒட்டியிருந்தது.

"போன தடவைக்கே வாங்கி வச்சதுக்கா. இதுல நாங்க யாரும் சாப்பிட்டதில்ல. நீங்க தைரியமா சாப்பிடலாம்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனுஷி தன் சொந்த வீட்டில், என் ஒருத்திக்காக, தன் கை படாத தட்டு வாங்கி வைத்திருக்கிறார். நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். கழுவிக் கவிழ்த்திருந்த தட்டுகளில் விளிம்பு தேய்ந்த பழைய தட்டு ஒன்றை எடுத்துவந்து, இதில் போடுங்கள் என்றேன். அப்புறம் அவர் முன்னாலேயே விரலை வாய்க்குள் விட்டேன். மேல்வரிசை வந்தது, கீழ்வரிசை லேசில் வரவில்லை. எச்சில் ஒழுகியது. இரண்டையும் டப்பாவில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஏப்ரலில் ஆரம்பித்து, போத்தல், வயிறு, விரதம், எல்லாம்.

ஜேன் சிரிக்கவில்லை. சிரிப்பார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"எங்கப்பாவுக்கு தோட்டத்துல ஒரு வீட்டுல தேங்கா சிரட்டையிலதான் தண்ணி ஊத்துவாங்களாம். சாகற வரைக்கும் அதச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. நீங்க அந்தப் போத்தல எடுத்தப்ப எனக்கு அவரு ஞாபகம் வந்துருச்சு."

மன்னிச்சுக்கோங்க என்றேன். அது போதாது என்று எனக்கே தெரிந்தது.

மீன் குழம்பு, பயத்தங்காய்ப் பொரியல். ஒவ்வொரு வாயும் உயிர் போனது. பயத்தங்காய் இவ்வளவு கடினமான பொருள் என்று ஐம்பத்தொரு வருடம் எனக்குத் தெரியாது. சாப்பிட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவர் எழுந்து போகாமல் எதிரிலேயே இருந்தார். இரண்டாம் தடவை சோறு போடும்போது, "மெதுவா சாப்பிடுங்க சம்பந்தி" என்றார்.

அவரே ரூபினிக்குப் போன் போட்டார். என்னிடம் கொடுத்தார். பல்லு என்று சொன்னேன். பிறகு அவள் திட்டிய திட்டை நான் இங்கே எழுதப் போவதில்லை.

மே 24, சனி

மணியம் மாமாவுக்கு நானே போன் செய்து, மெர்கோங்கில் கை நனைத்துவிட்டேன், இரண்டு தடவை சோறு வாங்கினேன் என்றேன். காரணத்தையும் சொன்னேன். "இந்த வயசுல பல்லா?" என்று கேட்டு வைத்துவிட்டார். என் முதுகெலும்பைப் பற்றி இனி யாரிடமும் பேச மாட்டார்.

ஜூன் 6, வெள்ளி

எதிர்பார்த்தபடி குடும்ப வாட்ஸ்அப்பில் என் பல் வந்துவிட்டது. சொந்தத்தில் எல்லாரும் ஒரு ரவுண்டு சிரித்தாயிற்று. நாலே நாள்தான், அப்புறம் வேறு யாரோ காடி வாங்கினார்கள். இதற்கா அவ்வளவு பயந்தேன்? ஃபேக்டரியில் புஷ்பவள்ளி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, தனக்கும் போட முடியுமா, யாரிடமும் சொல்லக் கூடாது என்றாள். வலியைச் சொல்லி முடிந்தவரை மிரட்டினேன்.

டிசம்பர் தேதி குறித்தாகிவிட்டது. முதல் நாள் தேவாலயம், மறுநாள் மண்டபத்தில் தாலி.

ஜூலை 4, வெள்ளி

கிளினிக். பன்னிரண்டாம் செட் உட்காரவில்லை. டாக்டர் பெண் ரப்பர் உருளையைக் கடிக்கச் சொன்னாள், அமுக்கிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. எத்தனை மணி நேரம் கழற்றி வைக்கிறீர்கள் என்று கேட்டாள்.

நான் பொய் சொல்லவில்லை. சனிக்கிழமை தோறும் மெர்கோங். போனதும் பசியாற இடியப்பம். பத்து மணிக்குத் தேநீர். மத்தியானம் சோறு. ஜவுளி பார்த்துவிட்டு வந்தால் வாழைப்பழப் பலகாரம். கிளம்பும்போது கட்டிக்கொடுப்பதைக் காடியிலேயே பிரித்துவிடுகிறேன். கூட்டிப் பார்த்தால் ஒன்பது மணி நேரம் வாயில் ஒன்றுமில்லை.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். மறுபடி பதினொன்றாம் செட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம், இனி ஒரு செட்டுக்கு இரண்டு வாரமாம், டிசம்பருக்குள் முடியாதாம். சரி என்றேன். நாளைக்காவது கழற்றாமல் இருங்கள் ஆன்ட்டி என்றாள்.

நாளைக்குக் கல்யாணச் சமையலுக்கு ருசி பார்க்க வரச் சொல்லியிருக்கிறார் சம்பந்தி. பதினெட்டு வகையாம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது என்றேன்.